முதுகுல ஒரு பேரு

போர்டுல 'டி.எம். ஸ்போர்ட்ஸ்'னு போட்டிருக்கே, டி யாரு, எம் யாருன்னு கேட்டீங்கல்ல சார்? உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், ஒரு கால் ஆடும். இந்த சேர்ல உக்காருங்க. கரண்டு வந்தாத்தான் கம்ப்யூட்டர்ல உங்களுக்கு டிசைன் காட்ட முடியும். அதுவரைக்கும் விசிறிகினு சும்மா இருக்கறதுக்கு இத்த கேளுங்க. டி நான். டில்லிபாபு. எம் ஒரு துரோகி.

இன்னா சார், சிரிக்கறீங்க? சரி, பேரச் சொல்றேன். மோசஸ். அரை நிக்கர் போட்ட வயசுலேர்ந்து என்கூட பந்து ஆடுனவன். வியாசர்பாடில போய் எந்த கிரவுண்டுல வேணா கேளுங்க, ஃபார்வர்டு மோசஸ், ஸ்டாப்பர் டில்லின்னா இன்னிக்கும் சொல்லுவாங்க. அவன் பேர மொதல்ல சொல்லிட்டு அப்பாலதான் என் பேர சொல்லுவாங்க. அது ஏன்னு நான் கேக்க மாட்டேன். கோல் போட்டவன் போட்டோதான் பேப்பர்ல வரும். கோல் வாங்காம பாத்துகினவன் போட்டோவ எந்த பேப்பர்காரன் போடறான்?

போர்ட மாத்திட வேண்டியதுதானேன்னு என் சம்சாரம்கூட கேக்கறா. மாத்துவேன். டைம் வரட்டும்.

நான் ஸ்டாப்பர் பேக் சார். உங்களுக்கு ஃபுட்பால் தெரியுமா? கம்பெனி டீமுக்கு ஜெர்சி எடுக்க வந்திருக்கீங்க, கொஞ்சம் தெரிஞ்சிருக்கும். கோல்கீப்பருக்கு முன்னாடி கடைசியா நிக்கறவன். அங்க நிக்கறவன் ஒருத்தனையும் நம்பக்கூடாது. எதிரி பந்த இந்தப் பக்கம் காட்டுவான், கால அந்தப் பக்கம் காட்டுவான், கண்ணால வேற எங்கியோ பாப்பான். அத்தனியும் டூப்பு. இடுப்பு மட்டும் பொய் சொல்லாது. இடுப்பு எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கம்தான் ஆளு போவான். நான் யார் மூஞ்சியவும் பாத்து ஆடுனதில்ல. இடுப்பத்தான் பாப்பேன். என்னத் தாண்டிப் போனவன கையில எண்ணிடலாம்.

ஒரு கம்பெனி டீமுக்கு ஆடிகினு இருந்தோம், நானும் அவனும். கம்பெனி பேரு வேணாம் சார், நமக்கெதுக்கு வம்பு. கெஸ்ட் ப்ளேயருன்னு சொல்லுவாங்க. கெஸ்ட்டுன்னா இன்னா? வா, ஆடு, பிரியாணி சாப்புடு, போ. அடுத்த சீசன் பர்மனென்ட் பண்ணிடறோம், அடுத்த சீசன் பண்ணிடறோம்னு மேனேஜர் சொல்லிகினே இருந்தாரு. மோசஸ் நம்பிகினே இருந்தான். நான் ஒரு நாளும் நம்பல. அந்த ஆளு பர்மனென்ட்டுன்னு சொல்றப்பல்லாம் டீ கிளாஸையே பாத்துகினு சொல்லுவாரு. கடைசில டீமையே கலைச்சுட்டாங்க. எனக்கு முட்டில ஜவ்வு கிழிஞ்சு போச்சு, அவனுக்கு கணுக்கால் ஒடைஞ்சு உள்ள ஆணி வெச்சிருக்கு. முப்பது தாண்டின ரெண்டு நொண்டிங்கள எந்த டீம்ல சேப்பான்?

மோசஸ்தான் பிசினஸ்ஸுன்னு ஆரம்பிச்சான். ஞாயித்துக்கெழமை ஆனா இந்த ஏரியா பூரா டோர்னமென்ட்டு நடக்குது, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு டீமு, எல்லாரும் சாயம் போற சட்டையத்தான் போட்டுகினு ஆடறாங்க, நம்ப தைச்சுக் குடுத்தா இன்னான்னான். நான் மொதல்ல கேட்ட கேள்வியே, "எத்தினியோ பேரு இருக்கான், ஏன் என்ன கூப்புடற?" அதுக்கு அவன், "எனக்கு முன்னாடி ஓடத்தான் தெரியும், பின்னாடி நின்னு பாத்துக்க நீதான்டா வேணும்"னான். அன்னிக்கு அது எனக்கு நல்ல வார்த்தையாத்தான் பட்டுச்சு. இன்னிக்கு யோசிச்சா, பின்னாடியே நில்லு, முன்னாடி வராதன்னு சொல்லியிருக்கான் சார். இல்லியா?

சொல்லக்கூடாது, நல்லாத்தான் போச்சு. மொதல் ஆர்டர்ல வெள்ளச் சட்டைக்கு செவப்புக் கோடு. துணி மோசம். ஒரு தடவ தண்ணில நனைச்சதும் அத்தனியும் ரோஸ் கலராயிடுச்சு. நான் ஷட்டர சாத்திட்டு ஓடிடலாம்னு இருந்தேன். இவன் போய் அந்தப் பசங்ககிட்ட, "ரோஸ் கலர பாத்தா எதிரி டீமு உங்கள லேசா நெனைச்சுக்கும், அங்கதான் நீங்க அடிக்கணும்"னு அளந்துட்டு வந்தான். பசங்க கப்பே ஜெயிச்சுட்டானுங்க. அடுத்த வாரம் ரெண்டு டீம்காரன் வந்து எங்களுக்கும் ரோஸ்ஸுதான் வேணும்னு நிக்கறான். அந்த மாதிரி ஆளு அவன். பேசியே பந்த வலைக்குள்ள தள்ளிடுவான். அப்பவே நான் உஷாராயிருக்கணும். ஊர இப்படி ஏமாத்தறவன் நம்பள ஏமாத்த எவ்ளோ நேரம் ஆகும்?

அவன் வெளிய ஆர்டர் புடிப்பான், நான் உள்ள கட்டிங், தையல், பிரிண்டிங் எல்லாம் பாத்துப்பேன். நானும் ரெண்டு மூணு தடவ அவன்கூட பார்ட்டியப் பாக்கப் போனேன் சார். எனக்கு ஒத்துவரல. பிசினஸ்ல எல்லாரும் மேஜைக்குப் பின்னாடி உக்காந்துக்கறான். இடுப்பே தெரிய மாட்டுது. ஆளு எந்தப் பக்கம் திரும்புவான்னு எப்படிக் கண்டுபுடிக்கறது? சிரிக்கறான், காபி குடுக்கறான், பாக்கலாங்கறான். மோசஸ் அந்த சிரிப்ப அப்படியே நம்பிட்டு வருவான். "நல்ல மனுஷன்டா"ம்பான். அவனுக்கு எல்லாருமே நல்ல மனுஷன்தான்.

அப்பதான் ஆர்டர் நழுவ ஆரம்பிச்சுது.

மெயின் ரோட்டுல தனசேகர்னு ஒருத்தன் கடை வெச்சிருக்கான். நீங்க வர்ற வழியில பாத்திருப்பீங்க, கண்ணாடி போட்ட பெரிய கடை. அம்பத்தூர் பக்கம் ஒரு காலேஜு ஆர்டர். நீலத்துல ஆரஞ்சு கையின்னு நாங்க சாம்பிள் ரெடி பண்ணிகினு போறோம், நாங்க போறதுக்கு மொத நாளே தனசேகர் நீலத்துல ஆரஞ்சு கை வெச்சு காட்டிட்டுப் போயிருக்கான். சரி, ஏதோ நடந்துடுச்சுன்னு விட்டேன். அப்பால ஒரு சர்ச்சு டீமு. அதுவும் அதே கதை. நாங்க நெனைச்ச காலரு, நாங்க நெனைச்ச பட்டை. நானும் மோசஸ்ஸும் மட்டும் இந்த ரூமுக்குள்ள உக்காந்து பேசுனது சார்! டைலருங்களுக்குக்கூடத் தெரியாது. அப்ப தனசேகருக்கு யாரு சொன்னா? நான் சொல்லல. மிச்சம் யாரு?

அதுலேர்ந்து அவன கவனிக்க ஆரம்பிச்சேன். போன் வந்தா எந்திரிச்சு வெளிய போயிடுவான். இங்க உக்காந்து பேச வேண்டியதுதானே? கேட்டதுக்கு, "உள்ள மெஷின் ஓடற சத்தத்துல ஒண்ணியும் கேக்கலடா"ங்கறான். எனக்குக் கேக்குதே! நான் அந்த சத்தத்துலயேதான் பேசறேன், எதிர்ல இருக்கறவன் ஆ ஊன்னு கத்துவான், நானும் திருப்பிக் கத்துவேன், வேலை நடக்குது. நான் போய் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன். "ஆமா மேடம், சரிங்க மேடம், நல்லதுங்க மேடம்"னான். யாரும் அவ்ளோ நல்லபடியா பேச மாட்டாங்க சார், உள்ள எதுனா இருந்தாத்தான் அப்படிப் பேசுவாங்க.

மனசுல இத்தன வெச்சுகினு எப்படி இருக்கறது? கடை ஆரம்பிச்சதுலேர்ந்தே சாயங்காலம் ஆனா கிரவுண்டு பக்கத்துல டீக்கடைக்குப் போயிடுவேன். அங்க கஜான்னு ஒரு தம்பி. தங்கமான ஆளு. குறுக்க பேச மாட்டான். நான் சொல்லச் சொல்ல, "அப்பால?", "அது இன்னா கலரு அண்ணே?", "எந்த ஸ்கூலு?"ன்னு அக்கறையா கேட்டுகினே இருப்பான். டீக்குக்கூட அவன்தான் காசு குடுப்பான். கட்டுன பொண்டாட்டி நம்ப தொழிலப் பத்தி அத்தினி கேள்வி கேக்க மாட்டா. அவன்கிட்ட கொட்டுனாத்தான் எனக்கு அன்னிக்கு சோறு எறங்கும்.

அப்ப ஒரு பெரிய ஸ்கூல் வந்துச்சு. மாதவரம் பக்கம். மூணு பிராஞ்சு, அத்தினி புள்ளைங்களுக்கும் ஸ்போர்ட்ஸ் டேக்கு சட்டை. அந்த ஆர்டர் கெடைச்சா இந்தக் கடைய விட்டுட்டு பெரிய எடமா போயிடலாம். வருஷா வருஷம் நம்பகிட்டயே வரும். மோசஸ் ஆறு மாசமா அந்த ஸ்கூல் வாசல்ல நடையா நடந்து புடிச்சது. கரஸ்பாண்டன்ட் மேடம் சுகந்தின்னு பேரு. தனசேகரும் போட்டியில இருக்கான்னு தெரிஞ்சுது. நான் முடிவு பண்ணேன். இந்தத் தடவ ஆளப் புடிச்சே ஆகணும். ஆஃப்சைடு போட்டேன்.

ஆஃப்சைடு ட்ராப்புன்னா தெரியுமா சார்? எதிரி ஃபார்வர்டு நம்ப பக்கத்துலயே நின்னுகினு பாஸுக்கு காத்துகினு இருப்பான். பந்த அடிக்கப் போற நேரத்துல நான் கையத் தூக்குவேன். பின்னாடி ஆடற நாலு பேரும் ஒரே மூச்சுல முன்னால வந்துடுவோம். அவன் மட்டும் எங்களுக்குப் பின்னாடி தனியா மாட்டிப்பான். லைன்ஸ்மேன் கொடியத் தூக்கிடுவாரு. அடிக்க வேணாம், உதைக்க வேணாம், ஆளு தானா மாட்டுவான். மெட்ராஸ் லீக்ல இதுல என்ன அடிச்சுக்க ஆளு கெடையாது.

இன்னா பண்ணேன்னா, மோசஸ்கிட்ட மட்டும் ஒரு பொய்யச் சொன்னேன். "மச்சான், இந்த ஸ்கூலுக்கு ஒவ்வொரு புள்ளைக்கும் முதுகுல அதோட பேரு போட்டுத் தரப் போறோம். வெறும் நம்பர் இல்ல, பேரு. யார்கிட்டயும் மூச்சு விடாத"ன்னேன். அது நடக்கற கதையா சார்? நம்பருன்னா ஒரே அச்சுல தள்ளிகினே போலாம். பேருன்னா சட்டைக்கு சட்டை வேற. ஒவ்வொண்ணா எழுத்துக் கோத்து, ஒவ்வொண்ணா சூடு வெச்சு எறக்கணும். யாரும் ஸ்கூல் ஆர்டருக்கு அத்த பண்றதில்ல. அப்ப, தனசேகர் போய் மேடம்கிட்ட நானும் பேரு போட்டுத் தரேன்னு சொன்னான்னா, சொன்னது மோசஸ்தான். கொடி தூக்கிடலாம். எப்படி?

இந்த ஐடியாவ நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. கஜாகிட்ட மட்டும் சொன்னேன். அவன், "பலே அண்ணே, பேரு போடறது உண்மையில கெடையாதா, சொம்மாதானா?"ன்னு ரெண்டு தடவ கேட்டுகினு சிரிச்சான்.

மோசஸ்கிட்ட சொன்னேன்ல, அவன் மூஞ்சி எப்படி மாறுச்சு தெரியுமா? கண்ணெல்லாம் தண்ணி. "நெசமாவாடா சொல்ற? பேரு போடப் போறமா?"ன்னான். "இத்தன வருஷம் ஆடுனோமே டில்லி, நம்ப முதுகுல ஒரு நாளாவது பேரு இருந்துச்சா? ஒன்பதாம் நம்பர் மோசஸ்ஸுன்னு ஒரு சட்டை போட்டுடணும்னு எங்கம்மா சாவற வரைக்கும் கேட்டாங்கடா. போனவன் சட்டைய வந்தவனுக்குக் குடுக்கணும்னு பேரே போட மாட்டானுங்களே. இந்தப் புள்ளைங்களாவது போட்டுகினு ஓடட்டும்"னு என்னக் கட்டிப் புடிச்சுக்கறான். எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா மூஞ்சியப் பாத்து ஆடக்கூடாது சார். நான் இடுப்பப் பாத்தேன். அவன் கட்டிப் புடிச்சுகினு இருந்ததால இடுப்பும் தெரியல.

இவன் இன்னா பண்ணான்? நான் மூச்சு விடாதன்னு சொன்னேன்ல, மறுநாளே நேரா ஸ்கூலுக்கு ஓடிட்டான். தனசேகர்கிட்ட இல்ல, மேடம்கிட்ட! பார்ட்டிகிட்ட சொல்றதுல இன்னா தப்பு, அதுக்குத்தானே ஐடியாங்கறான் அப்பால. பி.டி. மாஸ்டரு அத்த பிரேயர்ல மைக்குல சொல்லிட்டாரு. புள்ளைங்க கத்துன கத்துல காக்கா எல்லாம் பறந்துச்சாம். இவன் அங்கயே உக்காந்து கிளாஸ் கிளாஸா போய் புள்ளைங்கள இன்னா பேரு போடணும்னு கேட்டுகினு வந்திருக்கான். வீட்டுல கூப்புடற பேருதான் வேணும்னு ஒரு பொண்ணு அழுதுச்சாம், அதுக்கும் சரின்னு சொல்லியிருக்கான். அத்தனியும் வந்து என்கிட்ட ஒப்பிக்கறான், சிரிச்சுகினே. நான் போட்ட கண்ணி வேற, இவன் ஓடுன பக்கம் வேற.

அப்பவே உண்மையச் சொல்லியிருக்கலாமேன்னு பாக்கறீங்களா? எப்படி சார் சொல்றது? பாதி ஆட்டத்துல கைய எறக்கிட்டா ட்ராப்பு போச்சு. தனசேகர் வரட்டும்னு இருந்தேன்.

வெள்ளிக்கெழமை மேடம் எங்க ரெண்டு பேரையும் கூப்புட்டு உக்கார வெச்சாங்க. ஆர்டர் கையெழுத்தாகற நாளு. மோசஸ் இஸ்திரி போட்ட சட்டை, தலைக்கு எண்ணெய், கல்யாண மாப்பிள மாதிரி வந்திருந்தான். மேடம் பேனாவ எடுத்துட்டு கீழ வெச்சுட்டாங்க. "காலையில இன்னொரு கடைக்காரர் வந்திருந்தார். நீங்க பேர் போட்டுத் தரேன்னு சொல்றது சும்மா ஏமாத்து வேலை, அவங்களுக்கே அது நடக்காதுன்னு தெரியும்னு சொல்றார். உண்மையா?"ன்னாங்க.

எனக்கு எப்படி இருந்துச்சுன்னா, ஃபைனல் மேட்ச்ல லைன்ஸ்மேன் கொடியத் தூக்குனா மாதிரி இருந்துச்சு சார். மாட்டிகினான்! அங்கயே திரும்பி மோசஸ்ஸப் பாத்து, "பாத்தியாடா? இது பொய்யின்னு தனசேகருக்கு எப்படித் தெரிஞ்சுது? உன்னப் புடிக்கத்தான்டா அந்தப் பொய்யவே சொன்னேன்!"னு கத்திட்டேன்.

மோசஸ் என் பக்கம் திரும்புனான். அப்பால மெதுவா, "டில்லி, அது பொய்யின்னு எனக்கே இப்பத்தானேடா தெரியும்?"னான்.

எப்படி சமாளிக்கறான் பாத்தீங்களா? கொஞ்சம்கூட தடுமாறல. அதான் நல்ல ஃபார்வர்டுக்கு அடையாளம். மாட்டிகினாலும் மாட்டுனா மாதிரி காட்டிக்க மாட்டான்.

மேடம், "அப்போ பேர் போடறது நிஜமாவே பொய்தானா?"ன்னு என்னக் கேட்டாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள மோசஸ் எந்திரிச்சுட்டான். "மேடம், நான் புள்ளைங்ககிட்ட வாக்கு குடுத்துட்டேன். நானே உக்காந்து ஒவ்வொண்ணா போட்டுத் தரேன். லாபத்துல எனக்குப் பங்கே வேணாம், நேரம் மட்டும் குடுங்க"ன்னான். இத்த நீங்க நம்புவீங்களா? ஒருத்தன் எதுவுமே வேணாங்கறான்னா வேற எங்கியோ பெருசா வாங்கப் போறான்னுதானே அர்த்தம்? நான் விடல. "எங்க கடையில அதெல்லாம் முடியாது மேடம், நான்தான் உள்ள வேலை பாக்கறவன், எனக்குத் தெரியும்"னு ஒரே போடா போட்டுட்டேன்.

ஆர்டர் தனசேகருக்குப் போச்சு. இப்ப நீங்களே சொல்லுங்க சார், படிச்சவரு. லாபம் யாருக்கு? தனசேகருக்கு. அப்ப ப்ளான் போட்டது யாரு?

வெளிய வந்தோம். வண்டிகிட்ட நின்னுகினு மோசஸ் கேட்டான், "அது டூப்புன்னு நீ யார்கிட்ட சொன்ன?" நான் சொன்னேன், "யார்கிட்டயும் சொல்லல. கஜாகிட்ட மட்டும்." "எந்த கஜா?" "டீக்கடை கஜா. பாவம், அவன இழுக்காத. அவன் மச்சான் தனசேகர் கடையில கட்டிங் மாஸ்டரா இருக்கான், அத்தோட சரி. அவனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

மோசஸ் அப்படியே வண்டி மேல உக்காந்துட்டான். "நீலத்துல ஆரஞ்சு கை, அத்தயும் அவன்கிட்ட சொன்னியா?" "சொன்னேன். அவன் கேட்டான், சொன்னேன்." "சர்ச்சு டீம் காலரு?" "இன்னாடா போலீஸ் மாதிரி கேக்கற?"ன்னேன். அவன் தலையில கைய வெச்சுகினு சிரிக்க ஆரம்பிச்சான் சார். சிரிச்சு சிரிச்சு கண்ணத் தொடைச்சுகினு, "வெளிய சொன்னது பூராவும் நீதான்டா. உனக்கே தெரியாம நீயேதான்டா"ன்னான்.

பழியத் தூக்கி என் மேலயே போட்டுட்டான், பாத்தீங்களா! கிரவுண்டுல எத்தினி டூப்பு நான் பாத்திருக்கேன், இது மாதிரி ஒண்ணு பாத்ததில்ல.

நான், "கடையில உனக்கு எடம் இல்ல"ன்னேன். கோவத்துல வந்துடுச்சு. அவன் சண்டைக்கு வருவான்னு பாத்தேன். வரல. பாக்கெட்லேர்ந்து கடைச் சாவிய எடுத்து என் கையில வெச்சான். "மத்த டீம்காரன் மேல சந்தேகப்பட்ட, சரி. மேனேஜர் மேல சந்தேகப்பட்ட, அதுவும் சரி. கூட ஆடறவன்ல ஒருத்தன்கூட உனக்கு உன் ஆளு இல்லியாடா?"ன்னு கேட்டான். நான் சாவிய பாக்கெட்டுல போட்டுகினேன். அவன் நொண்டிகினே பஸ் ஸ்டாப்பு பக்கம் போயிட்டான்.

நேரா தனசேகர் கடைக்குத்தான் போவான்னு நெனைச்சேன். தெனம் அந்தப் பக்கமா ஒரு நடை போய் எதிர்ல நின்னு பாப்பேன். கண்ணாடி வழியா உள்ள யாரு இருக்காங்கன்னு நல்லாவே தெரியும். இன்னிவரைக்கும் மோசஸ் அங்க இல்ல. அங்க போயிருந்தான்னா எனக்கு நிம்மதி சார், மெய்யாத்தான் சொல்றேன். ஒரே ஒரு நாள் அவன் அந்தக் கடைக்குள்ள உக்காந்துகினு இருக்கறத என் கண்ணால பாத்துட்டா போதும், போர்ட எறக்கிட்டு நிம்மதியா தூங்குவேன். பாவி, போக மாட்டேங்கறான். ஓ.எம்.ஆர். பக்கம் ஏதோ டர்ஃபு கிரவுண்டாம், அங்க அப்பார்ட்மென்ட்டு புள்ளைங்களுக்கு பந்து கத்துக்குடுக்கறானாம்.

அது மட்டும் இல்ல. அங்கேர்ந்துகினு இங்க ஆளு அனுப்பறான் சார்! போன மாசம் ஒருத்தர் வந்தாரு, ஏதோ ஆஸ்பத்திரி டீமாம். யாரு சொல்லி வந்தீங்கன்னா, மோசஸ் சார் சொன்னாருங்கறாரு. அடுத்து ஒரு அம்மா, பொண்ணுங்க டீமுக்கு. அதுவும் மோசஸ்ஸு. கடைய விட்டுத் தொரத்துனவனுக்கு எவனாவது ஆளு அனுப்புவானா? அவனும் இதே தொழில்தானே தெரிஞ்சவன், நாலு டைலர வெச்சு அவனே தைச்சுக் குடுக்கலாமே? இன்னா ப்ளான் வெச்சிருக்கான்? ஆர்டர அனுப்பி, நான் தப்பா பண்ணி, பேரக் கெடுத்துக்கணும்னா? ரெண்டு பேரையும், கை நெறைய வேலை இருக்கு, முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

வேலை எங்க சார் இருக்கு? பாக்கறீங்கல்ல. நாலு மெஷின்ல மூணுத்துக்கு போர்வ போத்தி வெச்சிருக்கேன். டைலருங்க ஒவ்வொருத்தரா வேற எடம் பாத்துகினு போயிட்டாங்க. பொங்கலுக்குள்ள காலி பண்ணிடுங்கன்னு கடை ஓனர் சொல்லிட்டாரு. நீங்க வெளிய யார்கிட்டயும் சொல்லாதீங்க, கொளத்தூர்ல ஒரு லீக்குக்கு இப்ப பேசிகினு இருக்கேன், பச்சையில மஞ்சப் பட்டை. அது மட்டும் அமைஞ்சுட்டா கொஞ்சம் மூச்சு விடலாம். நேத்து கஜாகூட, கண்டிப்பா அமையும் அண்ணேன்னான்.

ஆங், கரண்டு வந்துடுச்சு. இருங்க, கம்ப்யூட்டர் கொஞ்சம் நேரம் எடுக்கும். உங்க டீமு எத்தினி பேரு? ரெண்டு செட்டா? நல்ல ஆர்டரு சார். ஒரு வாரத்துல குடுத்துடுவேன், தையல் பிரியாது, சாயம் போவாது. நீங்க எந்தப் பக்கம்? ஓ.எம்.ஆர்.ல சிறுசேரியா? சிறுசேரிலேர்ந்து இங்க வரைக்குமா? வழியில எத்தினி கடை. தனசேகர் கடையவே தாண்டித்தானே வந்திருப்பீங்க.

இங்க யாரு சார் அனுப்புனா உங்கள?

மோசஸ்ஸா? இவ்ளோ நேரம் நான் பேசுனேன்ல, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

சரி. பைய எடுத்துக்கோங்க. உங்க மேல கோவம் இல்ல சார், நீங்க நல்ல மனுஷன். எனக்கு வேலை வேணாம்னும் இல்ல. வேணும் சார், ரொம்ப வேணும். ஆனா அவன் தட்டிவிடற பந்த நான் எடுக்க மாட்டேன். மெயின் ரோட்டுல வேற கடை இருக்கு. போயிட்டு வாங்க.

சார். ஒரு நிமிஷம்.

அவன் கணுக்கால் எப்படி இருக்கு? இன்னும் நொண்டறானா?

என்னப் பத்தி இன்னா சொன்னான்? பரவால்ல சார், எதுவா இருந்தாலும் சொல்லுங்க, நான் தாங்கிப்பேன்.

"டில்லின்னு ஒருத்தன் இருக்கான், நம்பிக் குடுங்க"ன்னானா?

அவ்ளோதானா?

இருக்காது சார். அத்தோட விட்டிருக்க மாட்டான். அவன எனக்குத் தெரியும். வேற எதுனா சொல்லியிருப்பான். உக்காருங்க, மறுபடி உக்காருங்க சார், நல்லா யோசிச்சு சொல்லுங்க. வேற இன்னா சொன்னான்?